மைக்குக்குள் ஒரு திருகு

நம் வெங்காய வண்டியில் இருக்கும் கார்ட்லெஸ் மைக்கின் அடிப்பக்கத்தில், கறுப்பு நூலில் ஒரு சின்னத் திருப்புளி தொங்குகிறது. சுண்டுவிரல் நீளம்கூட இராது. போன வாரம் சின்னவள் அதை ஆட்டிக்கொண்டே, "யாரும் தொடாத இது எதுக்குப்பா இங்க?" என்று கேட்டாள். "மைக்குக்குத் திருஷ்டிக் கயிறுடி" என்று பெரியவன் சிரித்தான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியில் வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்பது உங்கள் அம்மாவின் புகார். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர் மண்டியில் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் அரியலூர்த் தெருக்கள், ஒரு நாள் செந்துறை, ஒரு நாள் உடையார்பாளையம், ஒரு நாள் லப்பைக்குடிகாடு என்று நான் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். மற்ற வண்டிக்காரர்கள் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்து வரவில்லை. விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அதோடு, "பச்சைச் சேலை அக்கா, போன வாரம் எடுத்த வெங்காயம் எப்படி இருந்துச்சு?" என்று பதிவு செய்த குரல் கேட்குமா? எடை போட்டுக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நின்று கூவ வேண்டும் என்பதற்காகத்தான் ஒயர் இல்லாத மைக்காகப் பார்த்து வாங்கினேன். பெரம்பலூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் புதுசு வாங்கியபோது கழித்துப்போட்டது. கூட வந்த தாளில் இங்கிலீஷும் சீன எழுத்தும் இருந்தன. மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

அந்த மைக்கில் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு உண்டு. போட்டதும் பச்சையாக எரியும். நான் "வெங்காயம்" என்று ஆரம்பித்ததும் சிவப்பாகிவிடும். சிவப்பு என்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உடனே புதுப் பேட்டரி மாற்றுவேன். மறுபடி பச்சை. மறுபடி கூவுவேன், மறுபடி சிவப்பு. கழற்றிய பேட்டரிகளைத் தூக்கிப்போட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவருவேன். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரமும், டி.வி. ரிமோட்டும், பெரியவனுடைய பொம்மைக் காரும் வருஷக்கணக்கில் அந்தத் 'தீர்ந்த' பேட்டரியில்தான் ஓடின. தீர்ந்த பேட்டரி எப்படிக் கடிகாரத்தை ஒரு வருஷம் ஓட்டுகிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. லப்பைக்குடிகாட்டில் ஒரு பாய் வீட்டம்மா மட்டும் வாரம் தவறாமல் சொல்வார்கள்: "வாப்பா, ஒங்க சத்தத்துல எங்க வூட்டுப் பூனை பீரோ மேல ஏறிப்போச்சு. ஆனா வெல என்னன்னு மட்டும் வெளங்கவே இல்ல."

அது அப்படியே போயிருக்கும். சின்னவள் விழுந்ததால்தான் போகவில்லை.

சுண்ணாம்புக்கல் லாரிகள் நம் பள்ளிக்கூடத் தெரு வழியாகக் குறுக்கே போக ஆரம்பித்த வருஷம் அது. வெளியே சுற்றுப்பாதை இருந்தது. ஆனால் தெரு வழியாகப் போனால் அவர்களுக்குக் கொஞ்ச நேரம் மிச்சம். ஒரு காலையில் லாரிக்கு ஒதுங்கப் போய், சின்னவளே, நீ சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கினாய். முட்டியில் தோல் போனதோடு தப்பித்தாய். உனக்கு அது அன்றைக்கே மறந்துவிட்டது. உன் அம்மாவுக்கு மறக்கவில்லை. பள்ளி விடும் நேரத்தில் லாரிச் சத்தம் கேட்டால், தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். வாடிக்கைக்காரர் ஜாக்கெட் ஒன்றில் கை மாறித் தைத்துவிட்ட கதையெல்லாம் உண்டு.

மே தினத்துக் கிராம சபையில் அதைப் பேசுவதென்று போனாள். அரச மரத்தடியில் ஊராட்சியின் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர். அவள் முறை வந்ததும் மைக்கை வாங்கினாள். நம் ஊர் வழக்கப்படி மைக்கை வாங்கினால் விரலால் இரண்டு தட்டு, 'ஃபூ' என்று ஓர் ஊது, "ஹலோ, ஹலோ" என்று ஓர் அதட்டல் உண்டு. அவள் ஒன்றும் செய்யவில்லை. பேச ஆரம்பித்தாள். மரத்து மேலிருந்து தன் குரலே தனக்குக் கேட்டதும் திடுக்கிட்டு, மைக்கை வயிற்றுக்குக் கீழே இறக்கிவிட்டாள். அதோடு சரி. உதடு அசைந்தது, குழாயில் காற்றுத்தான் வந்தது.

முன்னாள் வார்டு மெம்பர் ஒருவர் முன் வரிசையில் இருந்தார். உங்களுக்குத் தாத்தா முறை. ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் இந்தக் கரைக்குக் கேட்கும் தொண்டை அவருக்கு. "என்னம்மா, மைக்குக்குத் தாலாட்டு பாடுறியா? அது தூங்கிடப் போவுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதை இங்கே மறைக்கக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் அவள் ஊராட்சிச் செயலரிடம் போய், "சார், நான் சொன்னதத் தீர்மானப் புஸ்தகத்துல எழுதினீங்களா?" என்று கேட்டாள். நல்ல மனிதர் அவர். சங்கடப்பட்டார்.

"அம்மா, நீங்க பேசுனீங்க, பாத்தேன். என்ன பேசுனீங்கன்னு காதுல விழலியே. விழாதத எப்படிம்மா எழுதுறது?"

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்: "என் தொண்டை இவ்வளவுதாங்க. ஆகஸ்டு பதினஞ்சு சபையில நீங்களே பேசிக்கங்க."

"நான் பேசினா வெங்காயம் விக்க வந்துட்டான்னு நெனப்பாங்க புள்ள" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்றிரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அவள் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வழக்கம்போல மைக்குக்கு மூடியைத் திருகி எடுத்துப் பேட்டரி மாற்றினேன். ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் வயிற்றுக்குள் விழுந்தது. பேட்டரிக்கு மேலே ஓரமாக ஏதோ மின்னியது. உற்றுப் பார்த்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு திருகு. அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வட்டம். அதற்குப் பக்கத்தில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு குட்டி சுவிட்சு. சுவிட்சின் ஒரு பக்கம் நேர்க்கோடு போட்டிருந்தது. மறுபக்கம் இடது முனை மட்டும் சரிந்த கோடு.

எத்தனை தடவை இந்த மூடியைத் திறந்திருப்பேன்! பேட்டரியைப் பார்த்தேனே தவிர, அதற்குப் பக்கத்தில் பார்க்கவில்லை.

"இங்க பாரு, இதுக்குள்ள ஒரு திருகு இருக்கு" என்றேன்.

"எந்தத் திருகு?"

"தெரியலியே. திருப்பினாத்தான் தெரியும்."

வீட்டிலிருந்த திருப்புளி எதுவும் அந்த ஓட்டைக்குள் போகவில்லை. கத்தி முனையை நுழைக்கப் பார்த்தேன். உங்கள் அம்மா மெஷினை நிறுத்தினாள். "கொலையா பண்ணப் போறீங்க? இருங்க" என்று மெஷின் இழுப்பறையிலிருந்து இந்தத் திருப்புளியை எடுத்துத் தந்தாள். தையல் மெஷினில் கீழ் நூல் சுற்றி வைக்கும் பாபின் கேஸில் ஒரு திருகு உண்டு. நூலின் இறுக்கத்துக்கு அதுதான் பொறுப்பு. அதைத் திருப்புவதற்கென்றே வந்த சாமான் இது.

"கால் திருகுக்கு மேல போவாதீங்க" என்றாள். "பாபின் கேஸா இருந்தா நூலு அறுந்துடும்."

கால் திருகு திருப்பினேன். வாசலில் நின்ற வண்டியில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு "வெங்காயம்" என்றேன். சிவப்பு விளக்கு இன்னும் முறைத்தது. எதிர்ப்பக்கம் திருப்பினேன். வட்டத்தின் கடைசி வரைக்கும் போனதும், நான் கூவியபோது விளக்கு சிவப்பாகவே இல்லை. பச்சை எரிந்தபடியே இருந்தது. பழைய பேட்டரியையே போட்டுப் பார்த்தேன். அப்போதும் பச்சைதான்!

பேட்டரி ஒரு நாளும் தீரவில்லை. என் சத்தம் தாங்காமல்தான் அது இத்தனை வருஷமாகச் சிவந்திருக்கிறது.

என் சத்தத்துக்கு இறங்குகிற திருகு உன் தொண்டைக்கு ஏறாதா என்று அவளையும் இழுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு அதே வேலை. வண்டியை ஊருக்கு வெளியே முந்திரிக் காட்டு ஓரமாக நிறுத்துவோம். அவள் மைக்கில் படிப்பாள். படிக்க எதுவும் இல்லாததால் அளவு நோட்டைக் கொண்டுவருவாள். "மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்திரண்டு, கை உயரம் ஒன்பது" என்று முந்திரி மரங்களுக்கு அளவு சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கரண்ட் கம்பங்களை எண்ணிக்கொண்டே நடப்பேன். எத்தனையாவது கம்பம் வரைக்கும் வார்த்தை புரிகிறது என்று பார்ப்பேன்.

என் குரலுக்கு வைத்த இடத்தில் திருகு இருந்தால், அவள் குரல் இரண்டாவது கம்பத்தோடு சரி. ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை ஏற்றினால் மூன்றாவது கம்பம் வரை வந்தது. ஆனால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே வந்தது. அரிசியோடு கல்லையும் சேர்த்து அளந்த மாதிரி. ஒரு தடவை நான் மைக்கை வாங்கிக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றேன். அது 'கூ' என்று போட்ட ஊளையில் காட்டிலிருந்த மயில் மூன்று பறந்தன. ஸ்பீக்கரின் முகத்துக்கு எதிரே மைக்கோடு நிற்கக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பிறகு உங்கள் அம்மாதான் வழி சொன்னாள். "பாபின் கேஸு சரியா இருக்கான்னு எப்படிப் பாப்போம் தெரியுமா? நூலைப் புடிச்சி கேஸைத் தொங்கவிட்டு லேசா ஒதறணும். கொஞ்சமா எறங்கி நிக்கணும். சரசரன்னு எறங்கினா லூசு. எறங்கவே இல்லன்னா டைட்டு. இதுவும் அப்படித்தானே இருக்கும்?"

"எதுல தொங்கவிடுறது?"

"அந்த வெளக்குலதான். நான் சும்மா பேசினா பச்சையா இருக்கணும். அழுத்திச் சொல்றப்ப மட்டும் செவப்பு கண்ணைச் சிமிட்டணும்."

கால் கால் திருகாக ஏற்றினோம். ஒரு இடத்தில், "மார்பு முப்பத்தாறு" என்றபோது விளக்கு பச்சையாகவே இருந்தது. நான் ஏதோ கிண்டல் செய்து அவள் சிரித்தபோது பளிச்சென்று சிவந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியாது: அவள் பேச்சைவிட அவள் சிரிப்பு எவ்வளவோ சத்தம். அந்த இடத்தை ஊசி முனையால் ஒரு கீறல் போட்டுக் குறித்துக்கொண்டாள்.

குட்டி சுவிட்சையும் தள்ளிப் பார்த்தோம். சரிந்த கோட்டில் வைத்தால் குரலின் கனம் போய்விடுகிறது. வண்டி இன்ஜின் உறுமலும் காற்று மோதுகிற புடுபுடுப்பும் அதோடு அடங்குவதால் எனக்கு அது நல்லது. அவள் குரலோ தகர டப்பாவில் உளுந்து போட்ட மாதிரி ஆகிவிட்டது. நேர்க்கோட்டில் வைத்ததும் குரலுக்குச் சதை வந்தது. அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. மைக்கை வாய்க்குக் கிட்டே, இரண்டு விரற்கடையில் பிடித்தால் குரல் இன்னும் தடிக்கிறது. அதே தொண்டைதான். ஏன் அப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் சயின்ஸ் வாத்தியாரைக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.

கிட்டே பிடிக்கத்தான் அவளுக்கு நாளானது. தன் குரல் வெளியே கேட்டதும் கை தானாகக் கீழே போகும். "அது யாரோ ஒரு பொம்பள பேசுற மாரி இருக்குங்க" என்பாள். "அந்தப் பொம்பளயும் நம்ம தெரு பொம்பளதான், பேசட்டும் விடு" என்றேன். ஆறேழு நாளில் பழகிவிட்டது. ஒரு சாயங்காலம் ஐந்தாவது கம்பத்தில் நின்றுகொண்டு, யாரோ ஒரு அக்காவின் கழுத்து இறக்கம் எவ்வளவு என்பதை நான் தெளிவாகக் கேட்டேன். ஓடி வந்து சொன்னேன். "ஐயோ, அதையா ஊருக்கே சொன்னேன்?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆகஸ்டு பதினைந்து காலை நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு மிட்டாய்க்கு வரிசையில் நின்றிருப்பீர்கள். நான் செயலரிடம் கேட்டுக்கொண்டு நம் வண்டியையே அரச மரத்தடிக்குக் கொண்டுபோயிருந்தேன். மைக்கில் திருகு அம்மாவின் கீறலுக்கு நேராக இருந்தது. எல்லாம் தயார் என்று மார்பைத் தட்டிக்கொண்டேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மைக் அவள் கைக்கு வருவதற்கு முன்னால் யார் யார் கைக்கெல்லாம் போகும் என்பதை.

முதலில் வாங்கியவர் அந்த முன்னாள் மெம்பர். இரண்டு தட்டு, ஒரு 'ஃபூ'. விளக்கு அப்போதே சிவந்துவிட்டது. "பெரியோர்களே!" என்றார். ஸ்பீக்கரில் துணி கிழிகிற சத்தம்.

"யோவ், காது போவுது, கொறைய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஆம்ப்ளிஃபயரைக் குறைத்தேன். சத்தம் குறைந்தது, கிழிசல் குறையவில்லை. கிழிசல் மைக்குக்குள்ளேயே நடந்துவிட்டால் வெளியே எதைக் குறைத்து என்ன? உங்கள் அம்மாவிடம் ஓடித் திருப்புளியை வாங்கினேன். மைக்கை அணைத்து, மூடியைத் திறந்து, திருகை ஒரேயடியாகக் கீழே இறக்கி, சுவிட்சையும் சரிந்த கோட்டுக்குத் தள்ளிக் கொடுத்தேன். "இப்பப் பேசுங்க மாமா" என்றேன். கணீரென்று வந்தது. "செட்டுக்காரனே, ஒனக்கு விஷயம் தெரியுது" என்று மைக்கிலேயே பாராட்டினார். அந்தப் பாராட்டில் நான் மயங்கியிருக்க வேண்டும். திருப்புளியை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். திருகைத் திருப்பி வைக்கவில்லை.

அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேர் பேசினார்கள். இருவரும் ஏர் ஓட்டுகிற குரல்காரர்கள். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

மைக்கை இரண்டு விரற்கடையில் சரியாகப் பிடித்தாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். தகர டப்பா. முதல் வரிசைக்கு மேல் போயிருக்காது. ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருப்பினேன். முதலில் இரைச்சல், பின்னாலேயே ஊளை. நான்கு பேர் காதைப் பொத்தினார்கள். சட்டென்று இறக்கினேன். மே மாதத்துச் சிரிப்பு பின் வரிசையில் லேசாகக் கிளம்பியது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. மெஷினில் நூல் அறுந்தால் எங்கே அறுந்தது என்று பார்ப்பாளே, அப்படி. பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க" என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தாள். அவள் கழுத்துச் செயினில் எப்போதும் நாலைந்து ஊக்கு கோத்திருக்கும். அதில் ஒன்றில் கறுப்பு நூல் போட்டுத் திருப்புளியைக் கட்டியிருந்தாள். எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க மூடியைத் திறந்தாள்.

"என்னம்மா, பேச வந்தியா, ரிப்பேர் பாக்க வந்தியா?" என்றார் மெம்பர்.

"ரெண்டுக்கும்தான் மாமா. நீங்க பேசின பேச்சுல இது பயந்துபோய்ப் பதுங்கிக் கெடக்கு. வெளிய கூப்புடுறேன்."

மைக் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது. ஏனென்றால் யாரும் பேசவில்லை. ஒரு பெண் ஒரு மைக்கின் வயிற்றுக்குள் என்ன செய்கிறாள் என்று அறுபது பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் திருகு, கால் திருகு, கால் திருகு. கீறலுக்கு நேராக நிறுத்தினாள். நகத்தால் சுவிட்சைத் தள்ளினாள். மூடினாள். தட்டவில்லை, ஊதவில்லை.

"காலைல எட்டரைலேருந்து ஒம்பதரை. சாயங்காலம் நாலுலேருந்து அஞ்சு. இந்த ரெண்டு நேரம் மட்டும் கல்லு லாரி பள்ளிக்கூடத் தெரு வழியா வரக் கூடாது. வெளியில சுத்துப்பாதை இருக்கு, அதுல போவட்டும். எம் பொண்ணு சைக்கிளோட வாய்க்கால்ல வுழுந்தா. அன்னிக்கி வாய்க்கால் இருந்துச்சு. வாய்க்கால் இல்லாத பக்கம் ஒதுங்கியிருந்தா எங்க வுழுந்திருப்பான்னு நீங்களே நெனச்சிப் பாருங்க."

அவ்வளவுதான் பேசினாள். அரச மரத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மைக்கை விடவில்லை.

"சார், காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா" என்றார் செயலர்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன்."

"எழுதினத ஒருக்காப் படிச்சிக் காட்டிடுங்க சார்."

செயலர் மைக்கை வாங்கி, அவள் பிடித்த மாதிரியே வாயோடு ஒட்டிப் பிடித்து, "தீர்மானம்" என்றார். மறுபடி துணி கிழிந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மூடியைத் திறக்க எழுந்தேன். அவள் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

"தள்ளிப் புடிங்க சார். ஒரு சாண் தள்ளி."

ஒரு சாண் தள்ளிப் பிடித்ததும் சரியாக வந்தது. நேரம், தெரு, சுற்றுப்பாதை எல்லாம் அப்படியே எழுதியிருந்தார். கை தூக்கச் சொன்னபோது மெம்பர்தான் முதலில் தூக்கினார். "எம் பேத்தியும் அந்தத் தெருவுலதான்யா போறா" என்று யாரையோ கோபித்துக்கொண்ட மாதிரி சொன்னார்.

பத்து நாளில் தெருமுனையில் நேரம் எழுதிய பலகை வந்தது. எல்லா லாரியும் கேட்கிறதா என்றால் இல்லை. பெரும்பாலும் கேட்கிறது. கேட்காத லாரியை உங்கள் அம்மா வாசலில் நின்று நிறுத்துவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

மறுநாள் நான் லப்பைக்குடிகாட்டுக்கு வண்டியை எடுத்துப்போனேன். திருகை என் இடத்துக்கு இறக்கலாம் என்று மூடியைத் திறந்தால், திருப்புளி அம்மாவின் ஊக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டது. வேறு வழியில்லை. அவள் வைத்த இடத்திலேயே, மைக்கை இரண்டு விரற்கடையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிற மாதிரி, "சின்ன வெங்காயம் வந்திருக்கு" என்றேன். விளக்கு பச்சையாகவே இருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. பாய் வீட்டம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார்கள்.

"என்ன வாப்பா, ஒடம்பு சரியில்லயா? மெதுவாப் பேசுறீங்க?"

"நல்லாத்தான் இருக்கேம்மா. வெல வெளங்குதா?"

"இன்னிக்கித்தான் வெளங்குது" என்று இரண்டு கிலோ எடுத்தார்கள். பூனை வாசற்படியில் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் திருகை நான் தொடவில்லை. திருப்புளியை மைக்கிலேயே கட்டிவைத்தது உங்கள் அம்மா. உன் கேள்விக்குப் பதில் இதுதான், சின்னவளே: அது என் வேலைக்காக அங்கே தொங்கவில்லை. ஒவ்வொரு கிராம சபைக்கும் மைக் போய்வருகிறது. யாருடைய தொண்டை எவ்வளவு என்று பார்த்து, ஆள் மாற ஆள் மாறத் திருகை ஏற்றி இறக்குவது அங்கே அவள் பொறுப்பு. போன முறை தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முன்னால் அவர்களைச் சிரிக்கச் சொல்லி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள் உங்கள் அம்மா.